மலையைப் பார்த்திராத மலைக்காரி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "நாற்பது வயதுக்குப் பிறகு பெண்களின் ஆரோக்கியம், இருபது நிமிடம்" என்றுதான் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் தினமும் சொல்லுகிறேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு வாசலில் இறங்கியதும் பணிஸும் தேநீரும் வாங்குகிறார்கள். இன்று மதியம் இங்கே பிரியாணி என்று வேறு கேள்விப்பட்டேன். ஆகவே நாங்கள் நான்கு பேர் ஒரு சனி ஞாயிறு மலை ஏறப் போன கதையைச் சொல்லுகிறேன். வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைப்பதுபோல ஆரோக்கியமும் இடையிலே கொஞ்சம் வரும்.

நான்கு பேரும் இந்தப் பாடசாலையில் ஒரே வகுப்பு. பெயரைச் சொன்னால் இனிமேல் எங்கும் வரமாட்டோம் என்று மூவரும் கட்டளை போட்டிருக்கிறார்கள். அதனால் ஊரைச் சொல்லியே கூப்பிடுகிறேன். ஒருத்தி பேசாலைக்காரி, இப்போது ஆசிரியை. ஒருத்தி எருக்கலம்பிட்டிக்காரி. 1990 ஒக்டோபரில் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட அந்த நாட்களில், வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்குப் போனவள். அவளுடைய கொப்பிகள் வகுப்பு அலுமாரியிலேயே கிடந்தன. இன்றைக்கும் புத்தளத்தில்தான் இருக்கிறாள், ஆனாலும் தன்னை எருக்கலம்பிட்டிக்காரி என்றுதான் சொல்லுவாள். மூன்றாமவள் முருங்கன் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

மன்னார்ப் பிள்ளைகளுக்கு மலை என்றால் என்ன தெரியும்? தீவின் இந்தத் தொங்கலில் நின்றால் அந்தத் தொங்கல் வரைக்கும் பனையும் உடைமரமும் கழுதையும்தான். நாங்கள் அறிந்த பெரிய ஏற்றம் கோட்டை மதில். அதை விட்டால் பள்ளிமுனைப் பெருக்க மரம், அதிலும் ஏறவிடமாட்டார்கள். தெற்கே வில்பத்துக் கரையில் குதிரைமலை இருக்கிறது. பெயர்தான் மலை, கடலோரத்தில் நிற்கும் ஒரு செம்மண் மேடு அது. தட்டை நிலத்தில் வாழ்கிற எங்களுக்கு மேடெல்லாம் மலைதான்.

எட்டாம் வகுப்பில் "எனது ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் கடலும் கருவாடும் மடுத் திருவிழாவும் எழுதினோம். முருங்கன்காரி மாத்தளையைப் பற்றி எழுதினாள். காலையில் மூட்டம் கூரைக்குக் கீழே இறங்கி வருவதையும், பிரட்டுக் களத்துக்கு ஆட்களை அழைக்கத் தப்பு அடிப்பதையும், கொழுந்துக் கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த அடையாளத்தையும் எழுதியிருந்தாள். அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடிய யாரோ, "நீ இதெல்லாம் பாத்தனியா?" என்று கேட்டார்கள். இல்லை, அம்மா சொன்னது என்றாள்.

அப்போது ஒருத்தி எழுந்து, "தோட்டக்காட்டாள் தோட்டத்தையே பாக்கேல்லையாம்" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அந்த ஒருத்தி நான்தான்.

அந்தச் சொல் அப்போது எங்களுக்குப் புதிதல்ல. வீட்டிலே, சந்தையிலே, கோயில் முற்றத்திலே கேட்ட சொல். அதனால் என் குற்றம் குறைந்துவிடாது. எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் சொன்னார்கள், நான் சொன்னது அந்த வகுப்பறையில். அவள் கொப்பியை மூடிவிட்டு உட்கார்ந்தாள். சாதாரண தரம் முடிய விடுதியை விட்டுப் போய்விட்டாள். போனாளே என்று நான் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து அவளைக் கிளினிக்கில் கண்டேன். தாயைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவுக்கு நீரிழிவும் முழங்கால் தேய்மானமும் இருந்தன. நான் சந்தோசத்தில் எழுந்தே விட்டேன். அவளோ, "வணக்கம் டொக்டர்" என்றாள். "என்னடி டொக்டர்?" என்றேன். சிரித்தாள். ஆனால் அடுத்த மாதமும் "டொக்டர்", அதற்கடுத்த மாதமும் "டொக்டர்". வகுப்பில் என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் இப்போது "நீங்கள்" போட்டுக் கதைத்தாள். நோயாளிகள் எனக்கு மரியாதை தரும்போது மனம் குளிரும். இவள் தந்த மரியாதை முள்ளாகக் குத்தியது.

இனி 2023க்கு வருகிறேன். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் நிறைவதை ஒட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. அவர்களுடைய முன்னோர் நடந்த வழியிலேயே நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. நிலமும் வீடும் நியாயமான சம்பளமும் சமமான உரிமையும் கேட்டு நடந்தார்கள். எங்களுடைய தீவில் இருப்பது ஒரே பிரதான வீதி. ஆகவே அவர்கள் நம் எல்லோருடைய வாசலாலும்தான் போனார்கள். சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் கடமை முடிந்து வரும்போது வீதியோரத்தில் நின்று பார்த்தேன். நடுவிலே ஒரு வரிசையில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, முருங்கன்காரி நடந்து வருகிறாள்.

"எங்க போறாய்?"

"முருங்கன் வரைக்கும்தான் டொக்டர். கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான். நாளைக்குத் தையலுக்கு ஆக்கள் வருவினம்."

நானும் அவளோடு கொஞ்சத் தூரம் நடந்தேன். கொஞ்சத் தூரம் என்றால் உண்மையிலேயே கொஞ்சத் தூரம்தான். செருப்பு அறுந்துவிட்டது. அந்தக் கொஞ்சத் தூரத்தில் அவள் சொன்னாள்: "அம்மாவுக்கு இப்ப மறதி கூடிப்போச்சு. என்ர பேரை மாத்திச் சொல்லுறா. மலையை மட்டும் மறக்கேல்ல. நான் அதை ஒருக்காலும் பாக்கேல்ல."

பார்த்ததில்லை! நாற்பத்து மூன்று வயது வரைக்கும். மாத்தளைக்கு பஸ் இல்லாமலா? யுத்தம், பாஸ், சோதனைச் சாவடி, அப்பாவின் மரணம், கலியாணம், பிள்ளைகள், திரும்ப இடப்பெயர்வு, கடை. வாழ்க்கை அப்படித்தான் போய்விட்டது. அன்றிரவே பேசாலைக்காரிக்கும் எருக்கலம்பிட்டிக்காரிக்கும் தொலைபேசி எடுத்தேன்.

பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை விடிய நான்கு மணிக்குப் பேசாலைக்காரி வீட்டு வானில் புறப்பட்டோம். புட்டும் சம்பலும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டோம். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல, மாத்தளை. இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலே. தம்புள்ளைச் சந்தியில் எருக்கலம்பிட்டிக்காரி பஸ்ஸில் வந்து இறங்கி, வட்டிலப்பத்தோடு எங்களில் சேர்ந்துகொண்டாள். ஐந்து மணித்தியாலம். வானில் குளிர்க்காற்று, பாட்டு.

இந்த வழியைப் பற்றி ஒரு வைத்தியராகச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். சரித்திரம் படித்த அக்காமார் தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. கோப்பி பறிக்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைச் சேர்த்து, பாய்க்கப்பலில் ஏற்றி, தலைமன்னார், அரிப்பு போன்ற எங்களுடைய கரைகளில் இறக்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே கால்நடை. அநேகருக்கு வெறுங்கால். கோப்பிக் காலம் முழுவதும் இந்தப் போக்குவரத்து நடந்தது. தலைமன்னாருக்கு ரயிலும் கப்பல்துறையும் வந்தது 1914இல்தான். வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் எப்படி இறந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கொலரா உடம்புக்குள் புகுந்தால் சில மணித்தியாலத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் நோய் தொடங்கும். அப்படியானால் கப்பல் ஏறும்போது நன்றாக இருந்தவர் வன்னிக் காட்டுக்குள் வைத்துத்தான் விழுந்திருப்பார். கடுமையான கொலராவில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர்கூட உடம்பை விட்டுப் போகும். காலையில் நடந்தவர் மாலையில் இருக்கமாட்டார். மலேரியா அப்படியல்ல. நுளம்பு கடித்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் வரும். ஆகவே கொலராவுக்குத் தப்பியவர் மலைக்கு ஏறிச் சேர்ந்து, காம்பராவில் படுத்த பிறகு நடுங்கத் தொடங்கியிருப்பார்.

இன்று கொலராவுக்கு முதல் மருந்து என்ன தெரியுமா? உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற ஜீவனிப் பைக்கற்று. உப்பும் சீனியும் சுத்தமான தண்ணீரும். மலேரியாவை எடுத்துக்கொண்டால், 2012க்குப் பிறகு இலங்கைக்குள் அது நிலைகொண்டு பரவவில்லை. 2016இல் உலக சுகாதார அமைப்பு எங்களுக்குச் சான்றிதழும் தந்தது. இரண்டிலிருந்தும் தப்பி வாழ்கிற நாங்கள் அதே வழியில் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டு போனோம்.

இந்த வழி ஒருவழிப் பாதையும் அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். ஊருக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய ரயில் திரும்பவும் எங்கள் தலைமன்னாருக்குத்தான் வந்தது. பேசாலைக்காரியின் அம்மா இன்றைக்கும் சொல்லுவார், ரயில் வருவதற்கு முன்பே அழுகைச் சத்தம் வந்துவிடும் என்று. முருங்கன்காரியின் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் கப்பல் ஏறியது. அவளுடைய அப்பா அம்மாவும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். 1977 ஓகஸ்டில் கலவரம் வந்தது. காம்பராவை விட்டு, உடுத்த உடுப்போடு வடக்கே வந்து, முருங்கனில் வயல் கூலிக்கு நின்றார்கள். 1984இல் கப்பலும் நின்றுபோனது. அந்த அம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதாவது இவளை நான் "தோட்டக்காட்டாள்" என்று சொன்ன நாளில், அவளுடைய தாய்க்குச் சட்டப்படி இந்த உலகத்தில் ஒரு நாடும் இருக்கவில்லை. இதொன்றும் எனக்கு அன்று தெரியாது. கேட்கவும் இல்லை.

மாத்தளையில் நடைபயணத்தார் நகருக்குள் வந்தபோது நாங்களும் பின்னால் சேர்ந்துகொண்டோம். பெரிய கூட்டம், தப்பு, பறை. முத்துமாரியம்மன் கோயில் வாசலில் முருங்கன்காரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நடந்து வந்து சேர்ந்தவர்கள் உயிரோடு வந்ததற்காக அம்மனைக் கும்பிட்ட இடம் என்று அதைச் சொல்லுவார்கள். எருக்கலம்பிட்டிக்காரி வெளியில் நின்று நாலு சோடிச் செருப்பையும் காவல் காத்தாள்.

மறுநாள் ஞாயிறு, விடியவே மலைக்கு. மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதி. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். இந்த மலைத்தொடரும் சேர்ந்த மத்திய மலைநாட்டை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. பெருந்தெருவில் வானை விட்டுவிட்டு, உச்சியில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரம் வரைக்கும் நடக்க வேண்டும். இரண்டு கிலோமீற்றருக்கு உள்ளேதான். மலை ஏறிப் பழகியவர்கள் இதை மலை ஏற்றம் என்றே சொல்லமாட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பொடியன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். எங்களுக்கோ அது இமயமலை.

இனி மாத்திரை. கவனமாகக் கேளுங்கள்.

ஏறும்போது மூச்சு வாங்குவது உயரத்தால் அல்ல. 1,400 மீற்றரில் காற்றில் அவ்வளவு குறைவில்லை. மூச்சு வாங்குவது நாங்கள் வருடக்கணக்காக முச்சக்கரவண்டியில் சந்தைக்குப் போனதால். ஏறும்போது கதைக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். கதைக்க முடியாவிட்டால் நில்லுங்கள். எங்களில் பேசாலைக்காரிக்கு மட்டும் எந்த வேகத்திலும் கதைக்க முடிந்தது, அது விதிவிலக்கு. நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கும் கைக்கும் நோவு பரவினாலோ, அது களைப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோவில்லாமலும் வரும். வெறும் மூச்சுத் திணறலாக, குமட்டலாக, காரணமில்லாத அசதியாக வரும். கூட வந்தவர்களுக்கு உடனே சொல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவர்கள் பையில் இனிப்பு வைத்திருங்கள், இந்த ஒரு நாளைக்கு நான் அனுமதி தருகிறேன். முழங்கால் நோகப்போவது இறங்கும்போதுதான். உடம்பின் பாரம் முழுவதையும் தொடைத் தசை பிடித்துப் பிடித்து இறக்க வேண்டும். ஒரு தடி எடுங்கள், சிறு சிறு அடியாக வையுங்கள். முதல் மாதமே வீட்டுப் படியில் ஏறி இறங்கிப் பழகுங்கள். படி இல்லாத மன்னார் வீடுகளில் கதிரையில் கைபிடிக்காமல் எழுந்து இருந்தால் போதும், பத்துப் பத்துத் தடவை.

அட்டைக்கு ஒருவரும் பயப்பட வேண்டாம். கடித்தால் நோகாது. அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், கழன்ற பிறகும் சற்று நேரம் இரத்தம் வடியும். நகத்தால் மெல்ல வழித்து எடுத்துவிட்டுக் கழுவி அமத்திப் பிடியுங்கள். எருக்கலம்பிட்டிக்காரியின் காலில் ஏழு. அவள் போட்ட சத்தத்துக்குக் கொழும்புப் பொடியன்கள் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தபோது, வெறுங்காலோடு கொழுந்து பறித்த பெண்களின் புண் காய்ந்த கால்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அப்படிப்பட்ட ஒரு கால் மாதம் ஒருமுறை என் கிளினிக்குக்கு வருகிறது. கணுக்காலைச் சுற்றி இருக்கும் வட்டத் தழும்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சொறி என்று நினைத்திருந்தேன்.

முருங்கன்காரி மட்டும் நிற்காமல் ஏறினாள். நாள் முழுவதும் தையல் மெஷின் மிதிக்கிற கால். முன்னுக்குப் போய், வளைவிலே நின்று, நாங்கள் வந்து சேர்ந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்ப நடப்பாள். மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. உச்சியில் காற்றென்றால் காற்று! நின்றால் தள்ளும், வாயைத் திறந்தால் அடைக்கும். ரிவஸ்டன் காற்றுக்குப் பேர்போன இடம், அதிலும் ஓகஸ்ட் மாதம்.

"எடியே, இது எங்கட சோளகம்!" என்று பேசாலைக்காரி கத்தினாள். அது உண்மைதான். எங்கள் தெற்குக் கரையில் தம்பபவனியின் முப்பது காற்றாடிகளையும் சுழற்றுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான், இங்கே மலையில் முட்டிக்கொண்டு போகிறது. அங்கே உப்பும் சூடும், இங்கே ஈரமும் குளிரும்.

மூட்டம் வந்து எங்களை மூடியது, பிறகு விலகியது. கீழே மடிப்பு மடிப்பாகப் பச்சை. முருங்கன்காரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். முப்பது வருடமாகச் சொல்லாததை அங்கே சொல்லிவிட வேண்டும் என்று வானில் வரும்போதே நினைத்திருந்தேன். "எட்டாம் வகுப்பில நான் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"என்ன டொக்டர்?" என்றாள். காற்றில் கேட்கவில்லை.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன?" என்றாள். மூன்றாம் தரம் தொண்டை கிழியக் கத்தினேன்: "தோட்டக்காட்டாள் எண்டு சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்!" அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. மலை உச்சி முழுவதும் கேட்டது. பொடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து ஆறுதல் பட்டேன். ஒருவன் வத்தளைத் தமிழ்ப் பொடியனாம். பிறகு எங்களுக்கு பிஸ்கட் தந்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். "அந்தக் கட்டுரைக்கு இருபதுக்குப் பதின்மூன்றுதான் போட்டவை. எனக்கு அதுதான் கவலை" என்றாள். பேசாலைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், விசயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இறங்கும்போது இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு வானை நிறுத்தச் சொன்னாள். அம்மா பிறந்த தோட்டம். லயங்களில் பாதி கூரையில்லை. மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று அம்மா சொல்லும் இடங்களை விசாரித்தோம். அம்மாவின் காம்பரா இருந்த இடத்தில் மிளகுக் கொடி படர்ந்திருந்தது. பக்கத்து லயத்து வயதான அம்மா ஒருவர் அவளுடைய தாத்தாவின் பெயரைச் சொன்னதும், "தப்படிச்ச மனுசரா?" என்று கேட்டார். தாத்தா தப்படித்தவர் என்று அவளுக்குத் தெரியாது. பிரட்டுத் தப்பைப் பற்றி அம்மா அவ்வளவு கதை சொல்லியும், அதை அடித்தது தன் அப்பா என்று சொல்லவில்லை. அல்லது சொல்லவிருந்தாரோ என்னவோ.

திரும்பி வரும் வழியில், நாவுல தாண்டி, மற்ற இருவரும் நித்திரை. இருட்டுக்குள் அவள் மெல்லச் சொன்னாள்.

"நீ அண்டைக்குச் சொன்னதுக்குப் பிறகு, நான் அம்மாவிட்ட மலையைப் பற்றிக் கேக்கிறதை விட்டிட்டன். அவ சொல்லத் தொடங்கினாலும், சும்மா இரம்மா, ஆக்கள் கேட்டா வெக்கம் எண்டு நிப்பாட்டிப்போடுவன். அவவும் பிறகு சொல்லுறேல்ல. இப்ப கேக்க ஆசையா இருக்கு. அவவுக்கு ஞாபகம் போகுது."

வகுப்பில் கேட்ட சிரிப்பு ஒரு நிமிடம் இருந்திருக்கும். அது அங்கேயே முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய வீட்டுக்குள் போய் முப்பது வருடம் ஒரு தாயின் வாயை மூடி வைத்திருந்தது எனக்கு அந்த வானில்தான் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மலை உச்சியில் கத்திய மன்னிப்பு இதற்குப் போதாது என்று மட்டும் விளங்கியது. சற்றுக் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். அவள் "நீ" என்று சொல்லியிருந்தாள்.

மறதி நோயைப் பற்றி ஒரே ஒரு விசயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்த மண்டபத்தில் வயதான தாய் தகப்பன் உள்ளவர்கள் அநேகர் இருக்கிறீர்கள். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வீடியோவில் கதைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். மறதி தொடங்கும்போது முதலில் போவது இன்று காலையும் நேற்றும். சின்ன வயது ஞாபகம் பொதுவாக அதைவிட நீண்ட காலம் நிற்கும். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள்?" என்று சோதிக்காதீர்கள், அவர்கள் வெட்கப்படுவார்கள். பழைய படம், பழைய பாட்டு, பழைய மணம், இவற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அம்மாவைக் கூட்டி வந்தாள். நான் பெயரட்டையில் எழுதிக்கொண்டிருந்தபோது, தன் தொலைபேசியில் மலை உச்சியில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். படம் மூட்டம் மட்டும்தான், ஒன்றும் தெரியாது. காற்றுச் சத்தம். நடுவிலே என் குரல் கத்துகிறது. நல்ல காலம், அம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அவர் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"காத்து" என்றார். "எங்க மேல்கணக்குல இப்பிடித்தான் அடிக்கும் புள்ள. தகரம் பறக்கும். அப்பாரு தப்ப நெஞ்சோட கட்டிக்கிட்டுப் போவாரு, நனஞ்சா சத்தம் வராதுல்ல."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த நோயாளியைச் சற்று இருக்கச் சொன்னேன். கிளினிக் வரிசை நாற்பது நிமிடம் நின்றது. அன்று காத்திருந்தவர்களில் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மா கதைக்கத் தொடங்கும் நேரமெல்லாம் அவள் தையலை நிறுத்திவிட்டுப் பதிவு செய்கிறாள். எனக்கும் மற்ற இருவருக்கும் அனுப்புகிறாள். சில பதிவுகள் இரண்டு நிமிடம், சிலவற்றில் அம்மா பாதியில் நித்திரையாகிவிடுகிறார், சிலவற்றில் சேவல்தான் அதிகம் கூவுகிறது. இந்த மலருக்கு "எனது ஊர்" கட்டுரையைத் திரும்ப எழுதித் தா என்று கேட்டேன். "இருபதுக்குப் பதின்மூன்று எடுத்தவளிட்டக் கேக்காத, நீயே எழுது" என்றாள்.

நேற்றிரவு வந்தது பதினொராவது பதிவு. அதில் அம்மா மகளிடம் ஒரு அலுமினியச் சட்டியும் இரண்டு குச்சியும் கேட்டு வாங்கி, தப்பு எப்படி அடிப்பது என்று காட்டுகிறார். காலைப் பிரட்டுக்கு ஒரு அடி, சாவு வீட்டுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி. முதல் இரண்டும் முடிந்து, திருவிழா அடிக்கு வரும்போது தொலைபேசியில் இடமில்லாமல் நின்றுவிட்டது.